சைகோன் சமையல்காரருக்கு மூன்று இரங்கல் கூட்டம்

என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது படித்துவிட்டு அவரைப் பட்டாளத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். ஒருமுறை அப்படித் திரிந்தவர்களால் நான் பட்டது போதும்.

அவர் சமையல்காரர். சைகோனில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கடை வைத்திருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே போய் ஊன்றிக்கொண்டவர்கள். அதில் ஒரு புதுச்சேரிக்காரர் அங்கே மெஸ் நடத்தினார். நம் ஊர் ருசியில் சாம்பார் வைக்க ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. நான் சிதம்பரத்தில் பிறந்து, ஐந்தாவது வரை படித்து, திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்த சமயத்தில் அவர் கப்பல் ஏறிவிட்டார்.

போகும் முன் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது, தோள் இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தோம். தினமும் முந்தானையால் துடைப்பேன். பூ வைத்ததில்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக்கூடாது என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்சிக்காரர்களுக்குப் பழக்கம் வேறு. அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் தலைவரின் படத்துக்கே மாலை போட்டு, அந்தத் தலைவரையே கைதட்ட வைப்பவர்கள். நடந்த கோளாறெல்லாம் அதனால்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம். பொங்கல் கழிந்து, வாசலில் கட்டின மஞ்சள் கொத்து காய்ந்துகொண்டிருந்தது. வியட்நாம் சண்டை சைகோன் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டதாக டீக்கடை ரேடியோ சொன்னது. அதுவரை காட்டில் நடந்த சண்டை, இப்போது தெருவில் நடந்தது. தபாலும் இல்லை, தந்தியும் போகவில்லை. மாமியார் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடுப்பை ஊதினார். நான் சுவரில் இருந்த படத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

செய்தி கேட்டு அப்பா சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்துவிட்டார். அப்பா கதர் கட்டுகிறவர். முந்தின வருஷத் தேர்தலில் அவர் கட்சி தோற்றதிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவருக்குக் கோபம். என் கொழுந்தனார் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர், சிவப்புக் கொடிக் கட்சி. இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்.

"பாத்தீங்களா மாமா? சனங்க எழுந்துட்டாங்க. அமெரிக்காக்காரன் மூட்டை கட்டப்போறான்" என்றார் கொழுந்தனார்.

"அவன் மூட்டை கட்டி அனுப்பற கோதுமையத்தான் நேத்து நீ சப்பாத்தி சுட்டுத் தின்ன" என்றார் அப்பா.

"அதான் மாமா விஷயமே. வாயில சப்பாத்திய அடைச்சிட்டா கேள்வி கேக்க மாட்டோம்னு நெனைக்கிறான்."

"உங்க வாயில எத அடைச்சாலும் பேசுவீங்க. டெல்லி ரெண்டு பக்கமும் சமாதானமா போங்கன்னு சொல்லுது. அதுதான் பெரிய மனுஷத்தனம்."

எதிர்வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின வருஷம் ஆட்சிக்கு வந்த கட்சி அவருடையது. "இங்க அரிசிக்கு வழி பாப்பமா, வியட்நாமப் பாப்பமா மச்சான்?" என்று கொழுந்தனாரைச் சீண்டினார்.

"எம்புள்ள எங்க இருக்கான்னு யாராச்சும் சொல்றீங்களா?" என்று மாமியார் உள்ளேயிருந்து கத்தினார்.

"அண்ணன் சனங்க பக்கந்தாம்மா இருப்பாரு."

"அவன் அடுப்பு பக்கம் இருப்பான்டா. அடுப்புகிட்ட குண்டு வுழுந்துச்சா இல்லியா, உன் பேப்பர்ல அதப் போட்டிருக்கா பாரு."

போட்டிருக்கவில்லை. எந்தப் பேப்பரிலும் போட்டிருக்கவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பின பிறகு கொழுந்தனார் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். தேரடியில் சண்டையைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறார்களாம். வெளியூரிலிருந்து தலைவர் ஒருவர் வருகிறாராம்.

"நம்ம ஊரு ஆளு ஒருத்தரு அங்க மாட்டிகிட்டிருக்காருன்னு சனங்களுக்குத் தெரியணும் அண்ணி. தெரிஞ்சாதான் சர்க்காரு அசையும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. "கண்ணாடி ஒடையாம கொண்டா" என்று மட்டும் மாமியார் சொன்னார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

கூட்டத்தன்று சாயங்காலம் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தேரடியில் கட்டின குழாய் ஸ்பீக்கர் எங்கள் கூடத்துக்குள் வந்து பேசுவதுபோல் கேட்டது. யார் யாரோ பேசினார்கள். தலைவர் தாமதமாக வந்தார். அவருக்கு மாலை போடுகிறார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கொழுந்தனார் சொல்லித்தான் தெரியும். தலைவர் தன் கழுத்து மாலையைக் கழற்றினார். பக்கத்தில் நாற்காலியில் ஒரு படம் சாய்த்து வைத்திருந்தது. படம் என்றால் மாலை போட்டே பழகின கை, போட்டுவிட்டது. அவர் யார் என்றும் கேட்கவில்லை, இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. தலைவரே மாலை போட்டதைப் பார்த்த, மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர், கடைசியாக ஏதோ சேதி வந்திருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"ஏகாதிபத்தியத்தின் குண்டுக்குப் பலியான இந்த மண்ணின் மைந்தருக்கு, அனைவரும் எழுந்து நின்று, மௌன அஞ்சலி செலுத்துமாறு…"

முறம் என் மடியிலேயே இருந்தது. ஸ்பீக்கர் கரகரவென்று மட்டும் சத்தம் போட்டது. அந்தக் கரகரப்பு ஓய்வதற்குள் மாமியார் "ஐயோ எஞ்சாமீ" என்று தரையில் விழுந்தார். தெருப் பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு கிழவி என் தலைப் பூவைப் பிடித்து இழுத்தாள். நான் பின்னலை முன்னால் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கொழுந்தனார் கூட்டத்திலிருந்து ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "அம்மா, ஒண்ணுமில்லம்மா! தப்பா சொல்லிட்டாங்க! அண்ணன் நல்லாத்தான் இருக்காரு!"

மாமியார் தலையைத் தூக்கினார். "நல்லா இருக்கான்னு உனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லையே. செத்தார் என்பதும் சேதியில்லை, இருக்கிறார் என்பதும் சேதியில்லை. அப்படி இருக்கும்போது அழுகைதான் ஜெயித்தது.

மறுநாளே தையல்காரரின் கட்சி விழித்துக்கொண்டது. "எங்க ஆட்சியில ஒரு தமிழன் அன்னிய மண்ணுல உயிர வுட்டிருக்கான், நாங்க சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கறுப்புத் துணி கிழித்துச் சட்டையில் குத்திக்கொண்டு, எங்கள் தெருவழியாகவே ஊர்வலம் போனார்கள். முந்தின வாரம் வியட்நாமா அரிசியா என்று கேட்டவர் முன்னால் நடந்தார். கொழுந்தனார் அவரை மறித்து, "அண்ணன் சாவல மச்சான், தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க மட்டும் அழுவணும், நாங்க அழுவக்கூடாதா? நல்லா இருக்குதே ஞாயம்" என்றாராம் தையல்காரர்.

சிதம்பரத்தில் அப்பாவின் ஆட்கள் மட்டும் இளைத்தவர்களா. கீழவீதியில் கூட்டம் போட்டு, சமாதானத்துக்காக உயிர் கொடுத்த மாப்பிள்ளை என்று பேசி, ராட்டை சுற்றினார்களாம். ஆக ஒரு சமையல்காரர் மூன்று கொள்கைக்காகச் செத்தார். அவரவர் கூட்டத்தில் அவரவர் கொள்கை. அவர் எந்த மெஸ்ஸில் இருந்தார், அந்தத் தெரு என்ன ஆனது, ஒரு ஆளை அனுப்பி விசாரிக்க முடியுமா என்று மூன்று கூட்டத்திலும் ஒரு வாய் கேட்கவில்லை. ஆறேழு மைல் தள்ளியிருக்கிறது புதுச்சேரி எல்லை, மெஸ்காரர் வீட்டு ஆட்கள் அங்கேதான் எங்கோ இருந்தார்கள். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை.

அந்த வாரமே அப்பா திரும்ப வந்தார். அக்குளில் பேப்பர் சுற்றின பொட்டலம். பிரிக்காமலே தெரிந்துவிட்டது. புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி கொண்டுவர வேண்டும். வெள்ளைப் புடவை. அதிலும் கதர்.

"நம்பிக்கிட்டு எடுத்தாரலம்மா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "கைய வீசிகிட்டு வந்தா ஊரு என்னா பேசும்? இருக்கட்டும். மாப்ள வந்துட்டார்னா பொட்டிலயே கெடக்கட்டும்."

என்னைப் பெற்றவர். பொட்டலத்தை வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டேன்.

புவனகிரியிலிருந்து பெரிய மாமனார் வந்தார். என் மாமனார் காலமாகிவிட்டதால் அவருடைய அண்ணனான இவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார். நான் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பொணமும் வராது, சாம்பலும் வராது. படத்துல மாலை வுழுந்த நாளக் கணக்கு வெச்சிப் பதினாறாம் நாளு கருமாதிய முடிச்சிருவோம். அந்தப் பொண்ணுக்கும் செய்ய வேண்டியதச் செஞ்சிரணும்."

செய்ய வேண்டியது என்றால் தாலி, பூ, வளையல். தாலிக் கயிற்றை முந்தானைக்குள் இழுத்து விட்டுக்கொண்டேன்.

"பெரியப்பா, எந்தச் சேதியும் வரலியே, எப்படி?" என்றார் கொழுந்தனார்.

"உங்க தலைவருதான மாலை போட்டாரு? அவருக்குத் தெரியாமயா போட்டாரு? தெரியாம போட்டாருன்னா உங்க கட்சிய எழுந்து சொல்லச் சொல்லு. அந்த மாலைய எடுக்கச் சொல்லு. நான் புவனகிரிக்குப் போயிக்கிட்டே இருக்கேன்."

கொழுந்தனார் போனார். போய் வந்து நடையிலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டார். படம் கட்சி ஆபீசிலேயே இருந்தது. மாலை வாடினால் புதிது மாற்றுகிறார்கள், ஊதுவத்திகூட வைக்கிறார்கள். தப்பு நடந்துவிட்டது என்று அறிவிக்கச் சொன்னதற்கு, "தலைவர் போட்ட மாலைய நாம எப்படித் தோழர் எடுக்கறது? அடுத்த கமிட்டியில வெச்சிப் பேசுவோம்" என்று செயலாளர் சொன்னாராம்.

"கமிட்டி எப்போ?" என்றேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"மாசக் கடைசில அண்ணி."

கருமாதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். எனக்கு வந்த எரிச்சலில் அழுகைகூட நின்றுவிட்டது. என் கழுத்தில் தாலி இருப்பதும் இறங்குவதும் ஒரு கமிட்டி கூடுவதைப் பொறுத்தா?

அன்று மத்தியானம் மாமியார் கண் அசந்திருந்தார். நான் தலைக்குக் குளித்தேன். மஞ்சள் பூசிக்கொண்டேன். பூக்காரியிடம் முழம் போட்டு மல்லிகை வாங்கிக் காது தெரியாமல் வைத்துக்கொண்டேன். நெற்றி நிறையக் குங்குமம். வாசல் இறங்கி நடந்தேன். தெருவில் தனியாகக் கடைக்குக்கூடப் போனதில்லை நான். புருஷன் செத்த வீட்டுப் பெண் இப்படிப் போகிறாளே என்று தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கட்சி ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மர ஏணிப்படி. மேலே நாலைந்து பேர் இருந்தார்கள். செயலாளர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். சுவரோரம் ஸ்டூலில் என் வீட்டுக்காரர், இரவல் கோட்டோடு, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு நின்றார். எதிரே ஊதுவத்தி.

பேசுவதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நேராகப் போய் மாலையைக் கழற்றினேன். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் செயலாளர் கையில் கொடுத்தேன்.

"அம்மா, அது தலைவரு…" என்றார் அவர்.

"அவரு என் புருஷன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன். "என் புருஷங்க. அவரு செத்தாருன்னு யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்போ நானே மாலை வாங்கிப் போடறேன்."

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினேன். கண்ணாடியில் ஊதுவத்திப் புகை படிந்திருந்தது. வழியிலேயே முந்தானையால் துடைத்தேன். வீட்டுக்கு வந்து அதே ஆணியில், வெளுப்பு தெரிந்த இடத்தை மறைத்து, மாட்டினேன்.

பெரிய மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "மாலை எங்க?"

"எடுத்தாச்சு மாமா. கருமாதி வேண்டாம்" என்றேன். கதவுக்குப் பின்னால் போகாமல், அவர் எதிரிலேயே நின்றேன்.

மாமியார் எழுந்து வந்தார். என் தலைப் பூவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "மாலைய எடுத்தவளுக்கு இருக்கற தைரியம் பெத்தவளுக்கு இருந்திருக்கணும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு, "அத்தான், நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போயிடும்" என்றார்.

கொழுந்தனார் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாளே சைக்கிளை எடுத்தார். புதுச்சேரியில் தெருத் தெருவாக அலைந்து மெஸ்காரர் வீட்டைக் கண்டுபிடித்தார். அவர்களுக்கும் சேதியில்லை. வந்தால் சொல்கிறோம் என்றார்கள். பங்குனியில் அந்த வீட்டு ஆள் ஒருவர் சைகோனிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆளு நல்லா இருக்கான். தாடிதான் மொளச்சிப் போச்சு. கப்பலுக்குக் காத்துக்கினு கெடக்கறான்" என்றார். மாமியார் அவர் காலில் விழப்போய், அவர் பதறி வாசலுக்கு ஓடினார்.

உடனே மூன்று கட்சியும் பேசின. தங்கள் போராட்டத்தால்தான் தப்பினார் என்றது ஒன்று. தங்கள் ஆட்சி தலையிட்டதால்தான் என்றது இன்னொன்று. டெல்லியின் சமாதானப் பேச்சால்தான் என்று அப்பாவே என்னிடம் சொன்னார். அவர் எடுத்துவந்த கோடித் துணி அப்போது பெட்டிக்குள்தான் இருந்தது.

வைகாசி வெயிலில் அவர் வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார். கொல்லையில் கிணற்றடியில் வெகுநேரம் குளித்தார். மறுநாளே செயலாளர் வந்துவிட்டார், கூட நாலு பேர். பார்த்ததைப் பேச வேண்டுமாம், பெரிய கூட்டமாம். தையல்காரரும் எழுந்து வந்து தூணோரம் நின்றுகொண்டார், அவர்கள் முந்திக்கொள்ளக் கூடாதே என்று.

"எதப் பத்திப் பேசறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க கண்ணால பாத்ததத்தான் தோழர். அமெரிக்காக்காரன் செஞ்ச அட்டூழியத்த."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "எங்க மெஸ்ஸு வாசல்ல தெனமும் ஒரு அம்மா கீரை கொண்டாரும். அந்த ஊரு அம்மா. எம்பேரு அதுக்கு வாயில நொழையாது, வேற என்னாவோ சொல்லிக் கூப்புடும். சண்டை வந்த அன்னிலேருந்து அந்த அம்மா வரல. தெரு முழுக்கப் பொக. சண்டை நின்னப்பறம் நான் போயித் தேடினேன். அந்த எடத்துல வீடே இல்ல."

"எந்தப் படை குண்டு போட்டது?" என்றார் செயலாளர், சட்டென்று.

"அதுதான் தெரியல. கேட்டா ஒருத்தர ஒருத்தர் கைகாட்டினாங்க. கீரை வரல. அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

செயலாளர் கூட வந்தவர்களைப் பார்த்தார். தையல்காரர் நாடாவைச் சுருட்டினார். அதை வைத்துக்கொண்டு கூட்டம் போட முடியாது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு எங்காவது யாராவது அழுதார்களா என்று எனக்குத் தோன்றியது.

நாலைந்து நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லி ஊற்றுகிறேன் என்று சமையற்கட்டுக்குள் அவரே புகுந்துவிட்டார். துணி எங்கே, துணி எங்கே என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் குடைந்தார். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள், கவனிக்கவில்லை.

"இது ஆரு எடுத்தது? நல்ல நூல்துணியா இருக்குதே. பிரிக்காமகூட வெச்சிருக்கிற" என்ற குரல் கேட்டுத் திரும்புவதற்குள், டர் என்று கிழிகிற சத்தம். மாமியார் கூடத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அடப்பாவி, அது என்னா துணின்னு தெரியுமாடா உனக்கு?"

"இட்லித் துணி" என்றார் அவர், தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டே. "தட்டுக்குச் சரியா இருக்கும்."

நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அப்புறம் சிரிப்பைப் பொத்தவும் முடியவில்லை. அந்தக் கதர்த் துணியில் ஏழெட்டு வருஷம் இட்லி வெந்தது. சிதம்பரத்திலிருந்து அப்பா வரும்போதெல்லாம் நாலு எடுத்து அவர் இலையில் வைப்பேன். பஞ்சுமாதிரி இருக்கிறது, அரிசி எந்தக் கடை என்று கேட்பார்.